இடம்: மேற்குச் சரிவு

விதை அறை,
பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீ எழுதினால்தானே தெரியும்! மூன்று படகு வந்து போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. விதைப் பொட்டலம் மட்டும் பதினான்கு வந்திருக்கிறது. ஒவ்வொன்றின் மேலும் "இடம்: மேற்குச் சரிவு" என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறாய். தங்கைக்கு எழுதும்போதுதான் உன் பேனாவில் மை தீர்ந்துவிடும் போலிருக்கிறது.

இங்கே ஒரு சங்கடம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய வால்புல் விதையில் ஆறாயிரம் நாற்று வளர்த்து, பக்கத்துத் தீவின் மொட்டைக் குன்றில் நட்டோம் அல்லவா? அத்தனையும் போய்விட்டது. ஐந்து மாதம் மழை இல்லை, அவ்வளவுதான். வால்புல்லுக்கு ஐந்து மாதம் ஒரு பொருட்டா? உன் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத புல். மேற்குச் சரிவில் ஒன்பது மாதம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றுவிட்டு, முதல் மழைக்கு நாலே நாளில் துளிர்க்கிற புல். அதை நம்பித்தான் மண் அரித்துப்போன குன்றுகளையெல்லாம் மூடப் பார்க்கிறோம்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். குளிர் அறை இயந்திரம் நின்றுபோய் விதையின் வீரியம் கெட்டிருக்கும், அதை நான் மறைத்துவிட்டேன் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. என்னைப் பார்த்து! இயந்திரம் இருமினால்கூட எழுந்து போய்ப் பார்க்கிறவள் நான்.

அதனால் ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். பொட்டலங்கள் எல்லாம் மேற்குச் சரிவில் எடுத்தவைதானா என்று கேட்டிருக்கும். இது நான் கேட்கிற கேள்வி இல்லை, படிவம் கேட்கிற கேள்வி. கையெழுத்துப் போட்டு அடுத்த படகில் அனுப்பிவிடு. உன்னைத் தீவுக் காவலர் வேலைக்குச் சிபாரிசு செய்தபோது, "எங்கண்ணனுக்குக் கோபம் வரும் சார், பொய் வராது" என்று இயக்குநரிடம் சொல்லியிருந்தேன். நேற்றும் அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணியின் இருமல் நின்றதா?

அன்புத் தங்கை,
ராங்கி


காவலர் வீடு,
பிப்ரவரி 26

என் ராங்கித் தங்கச்சிக்கு,

தீவு மகாராஜா எழுதிக்கொண்டது. குடிமக்கள் நாற்பது ஆடுகளும் ஒரு அண்ணியும் நலம். அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது, பேச்சு நிற்கவில்லை.

உன் படிவத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. போடும்போது சிரிப்பாக வந்தது. நான் மேலே ஏறி விதை எடுக்கிற லட்சணத்தை உன் இயக்குநர் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். விடியும்போது கிளம்பினால் நாலு மணி நேர ஏற்றம். மேலே நிழல் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு விதையை உருவி உருவி அதில் போட வேண்டும். விதைக்கு இருக்கிற வால் சும்மா இருக்குமா? ஈரம் பட்டால் முறுக்கிக்கொண்டு மண்ணைத் துளைக்கிற வாலாயிற்றே, வியர்வை பட்டாலும் முறுக்கும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் சட்டையில் நூறு ஊசி. உன் அண்ணி ஒவ்வொன்றாகப் பிடுங்குவதற்குள் பொழுது போய்விடும். இவ்வளவு பாடுபட்டு எடுத்து அனுப்பினால், அங்கே நிழலில் உட்கார்ந்திருக்கிறவர்கள் "இது எங்கே எடுத்தது" என்று கேட்கிறார்கள்.

கோபமில்லை. உன்மேல் இல்லை. ஆனாலும் ராங்கி, நாலு முதலாளிகளிடம் வாய் கொடுத்து வண்டிச் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தவன் நான். தங்கை சிபாரிசில் வேலைக்கு வந்தவன் என்று படகுக்காரர்கூடச் சொல்லிக் காட்டுகிறார். அதனால்தான் இந்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறேன். உனக்கு என்னால் தலைகுனிவு வராது.

உன் அண்ணன்

நாத்தனாருக்கு அண்ணி எழுதியது. அவர் கடிதத்தை முடித்துவிட்டுப் படகுக்காரரைக் கூப்பிடப் போயிருக்கிறார், அதற்குள் இரண்டு வரி. நீ அனுப்பிய இருமல் மருந்து நன்றாகக் கேட்டது. அவருடைய முட்டி வலி பற்றிக் கவலைப்படாதே. மலைப்பக்கம் போவதையே விட்டுவிட்டார், மூன்று வருடம் ஆகப்போகிறது. ஆபீஸ் பின்கட்டோடு சரி. எனக்கும் நிம்மதி.


விதை அறை,
மார்ச் 9

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அண்ணி எழுதிய இரண்டு வரியை எத்தனை முறை என்று தெரியவில்லை. நீ அதைப் படிக்காமல்தான் ஒட்டியிருப்பாய். அண்ணியிடம் சத்தம் போடாதே. அவருக்கு எதுவும் தெரியாது, அதனால்தான் உண்மையை எழுதிவிட்டார்.

கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் உன் பதினான்கு பொட்டலங்களையும் மேஜையில் கொட்டிச் சலித்திருந்தேன். மூன்றாவது பொட்டலத்தில் கோரை விதை இருந்தது. ஐந்தாவதில் இருந்தது. ஒன்பதாவதிலும் இருந்தது. கால் வைத்தால் சொதசொதவென்று இருக்கிற மண்ணில் வளர்கிற கோரை, ஒன்பது மாதம் மழையில்லாத மேற்குச் சரிவில் எப்படி வளர்ந்தது? எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். "படகில் கலந்திருக்கும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உனக்காக என் மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன் பார்.

பின்கட்டுப் பாத்தியில்தானே எடுத்தாய்? வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக, பழைய காவலர் இருபது வருடம் குழாய்த் தண்ணீர் விட்டு வளர்த்த பாத்தி. பெயர்ப்பலகை வைத்து, எப்போதும் பச்சையாக, கொழுகொழுவென்று. அங்கே தாகம் தாங்குகிற செடிக்கு வேலையே இல்லை. தண்ணீர் குடித்துப் பழகினது மட்டும்தான் இருபது தலைமுறையாகப் பிழைத்து வந்திருக்கிறது. அதன் விதையைக் கொண்டுபோய் மொட்டைக் குன்றில் நட்டால் சாகாமல் என்ன செய்யும்? அது சாகத்தான் பிறந்தது.

தொப்பி, வியர்வை, சட்டையில் நூறு ஊசி. எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாய்! படிக்கும்போது உன் முட்டியை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. அதுதான் ஆறவில்லை.

ஏற முடியாத அளவுக்கு முட்டி வலி என்றால் சொல்லித் தொலைத்திருக்கலாமே. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஏறியிருப்பேன். இப்போதும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. விசாரணைக் குழு ஏப்ரல் பத்தாம் தேதி கூடுகிறது. அதற்குள் யாரையாவது கூட்டிக்கொண்டு மேலே போய், உண்மையான சரிவு விதை ஒரு பொட்டலம் எடுத்து அனுப்பு. "முடியாமல் போனதால் பாத்தியில் எடுத்தேன்" என்று ஒரு வரி எழுது. முட்டிக்காக நான் வாதாடுவேன். பொய்க்காக வாதாட எனக்குத் தெரியாது.

தங்கை


காவலர் வீடு,
மார்ச் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணியைத் திட்டவில்லை. உன் கடிதத்தை அவளே படித்துக் காட்டினாள். எனக்குக் கண்ணாடி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பாதி படித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. அவள் பேச்சு நின்று நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

முட்டி இல்லை ராங்கி. முட்டியாக மட்டும் இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

மேற்குச் சரிவில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

நான் வேலைக்கு வந்தது நல்ல கோடையில். பழைய காவலர் சாவிக்கொத்தைப் படகுத்துறையில் என் கையில் கொடுத்துவிட்டு அதே படகில் ஏறிப் போய்விட்டார். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, உங்கள் அறையிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. "மேற்குச் சரிவில் காய்ந்து நிற்கும் அயல் புல்லைத் தீப்பிடிக்கும் முன் வேரோடு அகற்றவும்." கீழே உன் கையெழுத்து. தங்கை அனுப்பிய முதல் உத்தரவு, ஒரு சொல்லும் வாங்கக்கூடாது என்று நினைத்தேன். மூன்று ஆட்களை வரவழைத்தேன். மேலே போய்ப் பார்த்தால் சரிவு முழுக்க வைக்கோல் நிறம். எது வால்புல் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். பின்கட்டில் பெயர்ப்பலகை வைத்து நிற்கிறதே, பச்சையாக! அந்த மாதிரி ஒன்றுகூட மேலே இல்லை. அப்படியானால் நிற்பதெல்லாம் அயல் புல்தான் என்று முடிவு கட்டினேன். பதினொரு நாள். கடப்பாரை போட்டுத் தூரோடு எடுத்துக் குவித்துக் கொளுத்தினோம். அந்த ஏற்றத்தில்தான் முட்டி போனது. அதுமட்டும் பொய்யில்லை.

மழை வந்தது. நாலாம் நாள் மேலே போனேன். கடப்பாரைக்குத் தப்பித்து ஒரு பாறை இடுக்கில் இருந்த ஒரே ஒரு தூர், காய்ந்த வைக்கோலின் நடுவிலிருந்து பச்சை விட்டிருந்தது. பின்கட்டில் இருக்கிற அதே புல். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரம் அதையும் ஆடு கடித்துப் போட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை.

உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். அதற்குள் "புது விதை நூற்றுக்குத் தொண்ணூறு முளைத்திருக்கிறது, என் அண்ணன் கை ராசி என்று அறை முழுக்கச் சொன்னேன்" என்று நீ எழுதினாய். அந்தக் கடிதம் வந்த பிறகு எப்படிச் சொல்வது?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பன்னிரண்டு வருடமாக நீ இந்தப் புல்லைப் படிக்கிறாய். நான் வேலைக்கு வருவதற்கு முன்னால் தீவுக்கு ஆறு முறை வந்தாய். எல்லாம் மழை முடிந்து, ஏற்றம் குளிர்ச்சியாக இருக்கிற மாதத்தில். அது காய்ந்து நின்று நீயே பார்த்ததில்லை. அதனால்தான் உன் உத்தரவில் "வால்புல்லும் காயும், ஜாக்கிரதை" என்று ஒரு வரி இல்லை. நான் பிடுங்கினேன். பிடுங்கச் சொன்ன காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. யாருக்கும் காட்டமாட்டேன்.

குளிர் அறை இயந்திரம் கெட்டது என்றே இருக்கட்டுமே. இயந்திரம் கெடாத இடம் எங்கே இருக்கிறது? உன்னைக் கடிந்துகொள்வார்கள், விட்டுவிடுவார்கள். என்னை வீட்டைவிட்டு இறக்கிவிடுவார்கள். இந்த வயதில் ஆறாவது வேலைக்கு எங்கே போவேன்? ஒரே ஒரு தடவை, எனக்காக.

உன் அண்ணன்


விதை அறை,
ஏப்ரல் 15

அண்ணா,

குழு கூடி முடிந்தது. உன் பணிநீக்க உத்தரவு அடுத்த படகில் வரும். பதினைந்து நாளில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

சொல்லக்கூடாது என்று ஒரு வாரம் நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். இயந்திரம் கெட்டது என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதானே என்று பட்டது. ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன், கண்ணாடி முன்னால் நின்று. நன்றாகவே வந்தது. நம் குடும்பத்துக்கு அது வரும் போலிருக்கிறது.

அப்புறம் பழைய விதை இருக்குமே என்று அலமாரியைத் திறந்தேன். நீ வருவதற்கு முன்னால், பழைய காவலர் சரிவில் ஏறி எடுத்த விதை. அது ஒரு கைப்பிடி இருந்தால் போதும், திரும்பவும் சரிவில் விதைக்கலாம், உன் தலையும் தப்பும் என்று ஓடினேன். இழுப்பறை காலி. பதிவேட்டைப் பார்த்தேன். எங்கள் அறையில் ஒரு விதி உண்டு. இடம் குறைவு என்பதால், ஒரே இடத்து விதை மூன்று பருவம் தொடர்ந்து புதிதாக வந்து நன்றாக முளைத்துவிட்டால், பழையதைக் கழித்துக் கொட்டிவிடலாம். போன நவம்பரில் வால்புல்லின் பழைய பொட்டலங்கள் இருபத்திரண்டும் கழிக்கப்பட்டன. காரணம்: புது விதை கூடுதல் தரம். கையெழுத்து: நான்.

வேறு யார் அனுப்பியிருந்தாலும் ஒரு வருடம் பொறுத்திருப்பேன். அண்ணன் கையால் எடுத்தது, சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து அது.

அதையும் குழுவிடம் சொன்னேன். நீ பெட்டியில் வைத்திருக்கிற உத்தரவையும், அதில் இல்லாத வரியையும் சொன்னேன். நான் கோடையில் ஏறியதில்லை என்பதையும் சொன்னேன். அதில் நீ சொன்னது நியாயம்தான், அதற்காக உன்மேல் எனக்கு வருத்தமில்லை. இயக்குநர் பதிவேட்டை வாங்கி என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, "அண்ணன் பிடுங்கினார், தங்கச்சி கொட்டினீங்க. குடும்பமா சேர்ந்து முடிச்சிட்டீங்கம்மா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்து தொலைத்தது.

என்னைப் பொட்டலம் கட்டும் மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். பரவாயில்லை. நீ பிடுங்கியதைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். தெரியாமல் செய்தது. அன்றைக்கே ஓடி வந்து சொல்லியிருக்கலாம், அப்போது இருபத்திரண்டு பொட்டலம் அலமாரியில் பத்திரமாக இருந்தது. போன நவம்பர் வரைக்கும் இருந்தது. நீ "மேற்குச் சரிவு" என்று எழுதிய ஒவ்வொரு முறையும் நான் பழையதைக் கொட்டுவதற்கு ஒரு படி கிட்டே போனேன். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அண்ணியை இங்கே என் வீட்டுக்கு வரச் சொல். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். உனக்கு இப்போது என் வீட்டில் இடமில்லை. எழுதும்போதே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

தங்கை


காவலர் வீடு,
மே 6

தங்கச்சிக்கு,

நாளை மறுநாள் படகில் கிளம்புகிறோம். அண்ணி உன்னிடம் வரவில்லை. என்னோடுதான் வருவாளாம். திட்டிக்கொண்டே வருவதற்கு ஆள் வேண்டுமாம். மரக்கடை ஒன்றில் வண்டி ஓட்ட ஆள் கேட்டிருக்கிறார்கள், அங்கே போகிறோம்.

இந்தப் பத்து நாளும் நான் மேலேதான் இருந்தேன். முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். சரிவு முழுக்க அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடைசியில் சரிவு முடிந்து கடல் பக்கம் செங்குத்தாக இறங்குகிற இடத்துக்குப் போனேன். ஆடுகூட இறங்காத இடம். பாறையில் கயிற்றைக் கட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினேன். உன் அண்ணி மேலே உட்கார்ந்து என்னையும் என் பரம்பரையையும் வைதுகொண்டிருந்தாள். இரண்டு ஆள் ஆழத்தில் ஒரு வெடிப்பு. அதில் மூன்று தூர், ராங்கி. வைக்கோலாக, செத்தது மாதிரி, வாலோடு விதை பிடித்து நின்றது. இந்த முறை நான் ஏமாறவில்லை. தூரைக் கையால் தொடவே பயமாக இருந்தது. விதையை மட்டும் உருவினேன். பாதிக்கு மேல் காற்று கொண்டுபோய்விட்டது. பத்தொன்பது கிடைத்தது.

இதோடு வைத்திருக்கிறேன். இது உண்மையான சரிவு விதை. சத்தியம் செய்யலாம் என்றால் எதன்மேல் செய்வது என்று தெரியவில்லை. அண்ணியும் பொட்டலத்தின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

எனக்கு வேலை திரும்ப வேண்டாம். உன் வீட்டில் இடமும் கேட்கவில்லை. இந்தப் பத்தொன்பதை மட்டும் வாங்கிக்கொள்.

அண்ணன்


விதை அறை,
ஜூன் 2

அண்ணா,

மரக்கடை முகவரிக்கு எழுதுகிறேன். விதை வந்து சேர்ந்தது. பத்தொன்பதும் எண்ணிச் சரிபார்த்தாயிற்று.

உடனே இயக்குநரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மெலிந்த விதை, நீள வால், எல்லாம் சரிவு விதை மாதிரிதான் இருக்கிறது என்றார். ஆனால் பின்கட்டுப் பாத்திக்கு ஒரு பருவம் தண்ணீரை நிறுத்திவிட்டால் அதுவும் இப்படித்தான் மெலிந்து காய்க்கும் என்றார். நீ பாத்திக் குழாயை எப்போதாவது நிறுத்தினாயா என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? புதுக் காவலரை அனுப்பிப் பார்க்கச் சொன்னோம். அவர் மேலிருந்து தொலைநோக்கியில் பார்த்திருக்கிறார், வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லையாம். கயிற்றில் இறங்க மாட்டேன் என்று எழுதிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. அண்ணியின் கையெழுத்து செல்லாது, மனைவி சாட்சி.

தெரியாத விதையைச் சரிவில் விதைக்க யாரும் அனுமதி தரமாட்டார்கள். பாத்தி விதையாக இருந்தால் அந்த வெடிப்பில் மிச்சமிருக்கிற உண்மையானதோடு கலந்து அதையும் கெடுத்துவிடும். நான் குழுவில் இருந்தாலும் தரமாட்டேன். வறட்சியில் வளர்த்துப் பார்க்கலாம் என்றால் பத்தொன்பது போதாது, சோதனையிலேயே தீர்ந்துவிடும்.

பொட்டலம் கட்டும் மேஜை இப்போது என்னுடையது. அதனால் பதிவேட்டில் நான்தான் எழுத வேண்டியிருந்தது. நாள் எழுதினேன். எண்ணிக்கை எழுதினேன். இடம் என்ற கட்டத்தில் "தெரியாது" என்று எழுதினேன்.

நீ உண்மையைத்தான் சொல்கிறாய் என்று இந்த முறை எனக்குத் தோன்றுகிறது. அதுதான் தாங்கவில்லை.

இனி எழுத வேண்டாம்.

தங்கை